ஐந்து பாடங்களும் ஒரு கூடையும்

செப்டம்பர் 3, புதன்

ஜனவரியில் காகித ஏஜென்சிக்காரர் இலவசமாகக் கொடுத்த டைரி. எட்டு மாதம் வெற்றாகக் கிடந்தது. அம்சவேணி புறாக்களுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தாள்: எது எப்போது பொரித்தது, எதற்கு என்ன மருந்து, எது எத்தனை மணிக்குத் திரும்பியது. அந்த நோட்டை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. ஆகவே இது.

முதலில் ஒரு விஷயத்தை எழுத்தில் வைத்துவிடுகிறேன். என் மனைவி அம்சவேணி, அரக்கோணத்தில் தங்கை ரேணுகா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ரேணுகாவுக்குப் பித்தப்பையில் கல். ஓட்டேரி முழுக்க இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். டைரியிலும் அதுவே இருக்கட்டும். நாளைக்கு மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது.

மொட்டைமாடிக் கூண்டில் ஜூனில் பொரித்த குஞ்சுகள் ஐந்து. அம்சா கையால் வளர்ந்தவை. பெயர் வைத்ததும் அவள்தான்: தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், சோஷியல். ஏன் அப்படி என்று யாராவது கேட்டால், 'அவளுக்குத் தோன்றியது' என்பேன். நேற்று இரண்டு ஜோடிகளிடம் நான்கு புதுக் குஞ்சுகள் பொரித்தன. மஞ்சள் மயிரும் பெரிய மூக்குமாக, நான் பிறந்தபோது எடுத்த போட்டோவைப் போலவே இருக்கின்றன.

மாலையில் ஐந்தையும் பறக்கவிட்டேன். அரை மணி நேரம் நன்றாகச் சுற்றிவிட்டு இறங்கின. தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. விசில் அடித்தேன். சோளம் போட்ட டப்பாவைக் குலுக்கினேன். ரேஷன் கடையில் 'சரக்கு வரலை' என்று சொல்பவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தன. இருட்டிய பிறகே உள்ளே போயின.

செப்டம்பர் 9, செவ்வாய்

வளையம் மாட்டும் நாள். பந்தயப் புறாவுக்குக் காலில் வளையம்தான் ஆதார் அட்டை. ஏழாம் நாள் மாட்ட வேண்டும். முந்தினால் கழன்று விழும், பிந்தினால் பாதத்தில் ஏறாது. குஞ்சை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை நழுவவிடுவார். பதினாறு வருடமாக அம்சா பிடிப்பாள், நான் மாட்டுவேன்.

இன்று முட்டிகளுக்கு நடுவில் குஞ்சை வைத்துக்கொண்டு, வளையத்தை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் விரலைப் பிடித்து மறுகையால்... இரண்டாவது வளையத்தை விழுங்கப் பார்த்தேன்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஸ்டெல்லா கேட்டாள்: "இன்னாண்ணே, புறாவுக்கு மாட்றீங்களா, நீங்க மாட்டிக்கிறீங்களா?"

"இருமினேன். அவ்ளோதான்."

"அக்காவாண்ட சொல்லி வெக்கவா, சீக்கிரம் வரச்சொல்லி?"

"அவ எப்படி வருவா? தங்கச்சிக்குக் கல்லு."

"ஆமா இல்ல, கல்லு," என்றாள் ஸ்டெல்லா. இந்தப் பெண் வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு பேசுவதால், சிரிக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்சாவுக்குப் போன் செய்தேன். மணி போனது. எடுக்கவில்லை.

ஞாயிறு. தலைக்குக் குளித்துக்கொண்டிருப்பாள்.

செப்டம்பர் 14, மாலை

இவ்வளவு நேரமா குளிப்பாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எங்கள் புறாச் சங்கத்தின் செயலாளர் எத்திராஜுலு வந்தான். ஜனவரி நான்காம் தேதி, நெல்லூரிலிருந்து இளம்பறவைப் பந்தயம் என்று சொல்லிவிட்டு, கூண்டுக்குள் தலையை விட்டு 'கணக்கு'வை எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்தான்.

"இது பந்தயம் அடிக்கிற பறவைபா. எத்தினி நாளைக்கு ஒருதபா இப்படி ஒண்ணு வரும். இத்த மட்டும் ஒழுங்கா உள்ள எறங்கப் பழக்கு, போதும்."

அதுதான் பிரச்சினை. புறா நம் மாடிக்கு மேலே வந்து டான்ஸ் ஆடினாலும் பந்தயத்தில் வந்ததாக ஆகாது. கூண்டுக்குள் இறங்க வேண்டும், பிடிக்க வேண்டும், காலில் மாட்டிய ரப்பர் பட்டையைக் கழற்றிக் கடிகாரப் பெட்டியில் போட வேண்டும். அந்த நிமிடம்தான் கணக்கு. இந்த ஐந்தையும் உள்ளே இறக்கப் பழக்கியவள் அம்சா. பழைய பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கரண்டியால் தட்டி, "மணி அடிச்சாச்சு... உள்ள வா, உள்ள வா" என்பாள். ஐந்தும் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி இடித்துக்கொண்டு உள்ளே போகும். அதே டப்பா, அதே கரண்டி, இப்போது என் குரல். ஒன்றும் அசையவில்லை.

படியிறங்கும்போது எத்திராஜுலு திரும்பி நின்று தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அன்னிக்கு ஆண்டுவிழா சாப்பாட்டுல மைக்ல ஒண்ணு அடிச்சியே. என் வூட்டுல இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்கபா."

எதைச் சொன்னான் என்று எழுத இங்கே இடமில்லை.

(பார்த்தால் பக்கத்தில் பாதி காலியாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.)

அக்டோபர் 2, வியாழன்

நான்கு சிறுசுகளையும் தாயிடமிருந்து பிரித்தேன். தானாகத் தண்ணீர் குடிக்கத் தெரியாமல் குவளையின் விளிம்பைக் கொத்துகின்றன. ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் அமுக்கிக் காட்டினேன். பெயரும் வைத்துவிட்டேன்: காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, ரிவிஷன். அம்சா இருந்தால் கரண்டி என் மீது வந்திருக்கும்.

என் அச்சுக்கடையில் இன்று ஒரு வேடிக்கை. கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலிலிருந்து தாய்மாமன் பெயரை எடுக்கச் சொல்லிக் காலையில் பெண்ணின் அப்பா வந்தார். மதியம் பெண்ணின் அம்மா வந்து சேர்க்கச் சொன்னார். மாலையில் தாய்மாமனே வந்து, தான் வரப்போவதில்லை, ஆனால் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். இதை ராத்திரி சோற்றுக்கு உட்காரும்போது சொல்லலாம் என்று நாள் முழுக்க மனதுக்குள் மெருகேற்றிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

புறாக்களிடம் சொன்னேன். முழு ஆண்டு மட்டும் கேட்டது.

அக்டோபர் 15, புதன்

ஸ்டெல்லா வாய் தவறிவிட்டாள். அல்லது தவறவிட்டாள்.

"அக்கா காலைல போன் பண்ணிச்சுண்ணே. இன்னிக்கு அதுக்குக் கணக்குப் பரீட்ச இல்ல? வேண்டிக்கச் சொல்லிச்சு."

சரி. எழுதிவிடுகிறேன்.

அம்சா எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். நாற்பத்தேழு வயதில் பத்தாவது தனித்தேர்வு எழுத ஆசைப்பட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் ஒரு காலத்தில் நிறையப் பேசி அலுத்து ஓய்ந்துவிட்டது. மறுபடி எதற்கும் அவர்கள் வாயில் விழ அவளுக்கு விருப்பமில்லை. அம்மன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அயனாவரத்தில் டியூஷன் போனாள். எனக்கு மட்டும் தெரியும். போன முறை நான்கு பாடம் பாஸ். கணக்கில் பதினொன்று.

ஆகஸ்டில் சங்கத்தின் ஆண்டுவிழா. எப்போதும்போல மைக் என் கையில். எண்பது பேர், பந்தி நடக்கிறது. நான் சொன்னேன்: "எங்க வீட்டுல ஒரு பத்தாவது படிக்கிற பொண்ணு கீது. வயசு நாப்பத்தேழு. ஒரு புறா நிமிஷத்துக்கு ஆயிரம் மீட்டர் பறந்தா நூறு கிலோமீட்டருக்கு எவ்ளோ நேரம்னு கேட்டாங்களாம். இந்தம்மா, 'புறாவையே கேளுங்க, அதுக்குத்தான் வழி தெரியும்'னு எழுதிட்டு வந்துச்சு. மார்க்கு பதினொண்ணு. அதுல ஒண்ணு புறாவுக்குக் குடுத்தது." அவள் அப்படியெல்லாம் எழுதவே இல்லை. சும்மா, ஒரு ஓட்டத்துக்காக.

மண்டபம் குலுங்கியது. அவளும் சிரித்தாள்.

மூன்று நாள் கழித்து அரக்கோணம் போனாள். இவ்வளவுதான் நடந்தது. ஒரே ஒரு ஜோக்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்குப் புறாக்கள் மிரளும் என்று கூண்டைச் சாக்கால் மூடி, நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா அதிரசம் கொடுத்தாள். கிறிஸ்தவர் வீட்டு அதிரசம்தான் இந்த வருடத் தீபாவளி.

நவம்பர் 2, ஞாயிறு

பெருசு தனி, சிறுசு தனி. இது அம்சாவின் சட்டம். ஐந்து மாதப் புறா வானத்தில் ஏறினால் செங்குன்றம் வரை போய் ஏரியைப் பார்த்துவிட்டு வரும். இரண்டு மாதக் குஞ்சுக்கு நம் தெருவை அடையாளம் தெரிந்தாலே அதிசயம். சேர்த்து விட்டால் சின்னது பெரியதன் பின்னால் ஓடும். மூச்சு முட்டி, எங்கேயாவது பின்தங்கும். திரும்பும் வழி அதற்குத் தெரியாது.

எனக்கு இது தெரியாதா? பதினாறு வருடமாகத் தெரியும். ஆனால் தினமும் இரண்டு முறை விட்டு, இரண்டு முறை இறக்கி, பெருசுகள் உள்ளே போக ஒரு மணி நேரம் கெஞ்சி, பிறகு கடையைத் திறந்து... இன்று காலையில் கடைசியாக ஒரு யோசனை வந்தது. சிறுசுகள் என் விசிலுக்கு ஓடிவந்து உள்ளே போகும். அவை போவதைப் பார்த்துப் பெருசுகளும் போகுமே. ஒன்பதையும் சேர்த்துத் திறந்துவிட்டேன்.

ஒரே கொத்தாக ஏறின. ஒன்பதும் ஒரே திசையில் திரும்பியபோது வெயில் பட்டு வெள்ளையாக மின்னியது. 'அம்சா, பாரு' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பிறகு வடக்கே போயின. ஒரு மணி நேரம் ஆளைக் காணோம்.

பத்து மணிக்குப் பெருசுகள் ஐந்தும் வந்தன. பத்தே முக்காலுக்குக் காலாண்டு, இறக்கை தொங்க. பன்னிரண்டுக்கு முழு ஆண்டு.

நவம்பர் 3, திங்கள்

அரையாண்டும் ரிவிஷனும் வரவில்லை. கடை திறக்கவில்லை. மாடியிலேயே இருந்தேன். வடகிழக்கில் மேகம் ஏறுகிறது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. இனிமேல் வராது. ஸ்டெல்லா கேட்டதற்கு, 'ரெண்டும் ஆந்திராவுல செட்டில் ஆயிடுச்சு' என்றேன். அவள் சிரிக்கவில்லை. கிளிப் வாயில் இல்லாததால் நன்றாகத் தெரிந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. கூண்டில் ஒழுகும் மூலையைச் சரிசெய்யப் போனபோது, சோளப் பீப்பாய்க்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றிய அம்சாவின் நோட்டு கிடைத்தது.

முன்பக்கம் பொரித்த தேதி, மருந்து, 'பெருசு தனி சிறுசு தனி' என்று சிவப்பு மையில். திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

எங்கள் பந்தயத்தில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தொலைவு. ஆகவே முதலில் வந்தது எது என்று பார்ப்பதில்லை. தொலைவை நிமிடத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று போட்டு, வேகத்தில் முந்தியது எது என்று பார்ப்பார்கள். இரண்டு வருடமாக எங்கள் வீட்டுப் புறாக்கள் திரும்பிய ஒவ்வொரு முறைக்கும் அவள் அந்த வகுத்தலைப் போட்டிருக்கிறாள். கையால், இரண்டு புள்ளி ஸ்தானம் வரை. முதல் பக்கங்களில் அடித்தல் திருத்தல். போகப்போக அடித்தல் இல்லை. கடைசிக் கணக்கு ஆகஸ்டு ஒன்பதாம் தேதி. விழாவுக்கு முந்தின நாள்.

போனில் கால்குலேட்டரைத் திறந்து பத்துக் கணக்கைச் சரிபார்த்தேன். பத்தும் சரி.

மழை விட்டதும் மீதியையும் பார்த்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

முதல் பயிற்சிப் பயணம். காலை ரயிலில் கூடையோடு கும்மிடிப்பூண்டி. எங்களிடம் இருப்பது ஒரே பிரம்புக் கூடை. ஐந்து பெருசுகளும் ஒரு பக்கம், இரண்டு சிறுசுகளும் மறுபக்கம், நடுவில் தட்டி. பக்கத்து சீட்டுப் பெரியவர் 'கறி கிலோ எவ்வளவு' என்றார். இறங்கும்வரை அவரோடு பேசவில்லை. எனக்கே ஆச்சரியம்.

இங்கேயும் சட்டப்படி பெருசை முதலில் விட்டு, அரை மணி கழித்துச் சிறுசை விட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றித் தெற்கே போயின. வெறும் கூடையோடு நின்றேன். முன்பெல்லாம் நான் இங்கிருந்து விடுவேன். அம்சா மாடியில் நின்று வந்த நேரத்தை எழுதுவாள். போனில் 'வந்துடுச்சு' என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே ரயில் ஏறி வந்ததுபோல இருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது சிறுசுகள் கூண்டுக்குள். பெருசுகள் கைப்பிடிச்சுவர் மேல். எப்போது வந்தன என்று தெரியாது. நோட்டில் விட்ட நேரத்தை எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

எழுதக் கூடாது, ஆனால் எழுதாவிட்டால் ஸ்டெல்லா எழுதிவிடுவாள்.

புறாவுக்கு உடையின் நிறம் அடையாளம் தெரியும் என்பது உண்மை. அம்சா மாடிக்கு வரும்போது போடும் ஊதாப்பூ நைட்டி பீரோவில் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. தெருவிலும் யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன். போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கரண்டியால் டப்பாவைத் தட்டி, குரலை மெல்லியதாக்கி, "மணி அடிச்சாச்சு..." என்றேன்.

ஐந்தும் தலையைத் திருப்பின. தமிழும் சயின்சும் இரண்டடி வைத்தன. கணக்கு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தது.

"மீசைய எடுத்துட்டுப் பாருண்ணே," என்றது பக்கத்து மாடி.

"நீ எப்போ வந்த?"

"நீங்க பட்டன் போடத் தெரியாம சுத்தும்போதே வந்துட்டேன்." பிறகு ஒரு துணியை உதறிக்கொண்டே, "ஒரு போன் போடுங்கண்ணே."

"எடுக்க மாட்டா."

"செப்டம்பர்ல ஒருதபா போட்டீங்க. அத்தோட சரி. அக்கா சொல்லிச்சு."

நைட்டியை மடித்துப் பீரோவில் வைத்தேன். துவைக்கவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

அம்சா பாஸ். ஸ்டெல்லாதான் சொன்னாள். மார்க்கைச் சொல்லக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாம், 'முக்கியமா அந்த வீட்டுல'.

'வாழ்த்துகள்' என்று போனில் தட்டினேன். கூடவே ஒரு புறாப் படம் போட்டேன். புறாப் படம் வேண்டாம் என்று அழித்தேன். பிறகு வாழ்த்துகளையும் அழித்தேன். கடையில் இருபது வருடமாக ஊருக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுக்கிறேன்.

ஜனவரி 4, ஞாயிறு

நெல்லூரிலிருந்து என் மாடி வரை நூற்று ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். மார்கழிப் பனி விலகியதும் சரியாக ஏழு மணிக்குத் திறந்தார்கள். இருநூறு பறவைகளுக்கு மேல்; என்னுடையவற்றில் பெருசுகள் ஐந்து மட்டும்.

ஒன்பது இருபத்துநான்குக்கு வடக்கே ஒரு புள்ளி. இறக்கையை மடித்துக் கல் விழுவதுபோல விழுந்து வந்தது. கணக்கு. எத்திராஜுலுவுக்குப் போன் செய்தேன். "ஒருத்தனுக்கும் வரலபா இன்னும், உள்ள போடு, உள்ள போடு" என்று கத்தினான்.

கணக்கு கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மேற்கே பார்த்துக்கொண்டு. டப்பா. விசில். சோளம், வேர்க்கடலை. சிறுசுகளைக் கூட வாசலில் நிறுத்திப் பார்த்தேன். நகரவில்லை.

ஒன்பது முப்பதுக்கு அம்சாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு ஒரு குரல் கொடுக்கச் சொல்லலாம். அவ்வளவுதான் திட்டம். அவள் எடுத்தாள்.

"இன்னா, என் தங்கச்சி பித்தப்பையில எத்தினி கல்லு வெச்சிருக்கீங்க இப்போ? அவ கேக்கறா."

அவள் பெயர்தானா என்று திரையை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

"எதுக்குப் போன் பண்ணீங்க?"

கணக்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது. 'புறா உள்ளே போகவில்லை' என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்துப் பேசுகிற முதல் வார்த்தை அதுவா?

"அன்னிக்கு மண்டபத்துல நான் பேசினது தப்பு," என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பிறகு, "நானும் சிரிச்சேன்னு சொல்லினு திரியறீங்களாமே."

"நீ சிரிக்கல. எலைய மடிச்சுக் கையில வெச்சுனு, எங்க போடறதுன்னு பாத்துனு நின்ன."

"பாத்தீங்களா அப்போ?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா மேல மேல பேசினீங்க?"

"சிரிச்சுனு இருந்தாங்க அம்சா. நிறுத்த முடியல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் நோட்டைப் பார்த்ததைச் சொன்னேன். பின்பக்கம் முழுக்கச் சரிபார்த்ததைச் சொன்னேன். சேர்த்து விட்டு இரண்டு குஞ்சைத் தொலைத்ததைச் சொன்னேன். அதற்குத்தான் அவளுக்கு முதலில் கோபம் வந்தது. ஒரு ஐந்து நிமிடம் திட்டினாள். மழையில் நனைந்தவனுக்கு டீ கிடைத்ததுபோல இருந்தது.

திட்டி முடித்துவிட்டு, "இதெல்லாம் என்னாண்ட எதுக்கு சொல்றீங்க? சொன்னது எம்பது பேராண்ட," என்றாள். பிறகு, "அது இன்னா, இறக்கை அடிக்கிற சத்தம்? இன்னிக்குத் தேதி நாலு இல்ல? வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. கணக்கு."

"உள்ள போச்சா?"

"இல்ல."

"எவ்ளோ நேரமா?"

"முப்பது நிமிஷம்."

"ஏங்க, அறிவுன்னு ஒண்ணு கீதா உங்களுக்கு? போனை அதுங்கிட்ட எடுத்துனு போங்க."

அந்தப் பக்கம் ஏதோ தட்டில் கரண்டி பட்டது. "மணி அடிச்சாச்சு... உள்ள வா, உள்ள வா..." கணக்கு எழுந்தது. சுவரிலிருந்து குதித்து, போனைச் சுற்றி ஒரு முறை வந்து, என் காலை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடியது. பட்டையைக் கடிகாரத்தில் போட்டபோது ஒன்பது ஐம்பத்தைந்து.

"எத்தினி மணி?" என்றாள்.

சொன்னேன். ஐந்தாறு விநாடி.

"எட்நூத்தி அறுவத்தெட்டு புள்ளி அஞ்சு ஏழு," என்றாள். வைத்துவிட்டாள்.

ஜனவரி 4, மாலை

மற்ற நான்கும் மதியத்துக்குள் வந்து சேர்ந்தன. சங்கத்தின் கம்ப்யூட்டர் ஆறு மணிக்கு அவள் சொன்ன அதே எண்ணைச் சொன்னது. நாற்பத்தோரு பேரில் முப்பத்து நான்காவது இடம். முதலிடம் ஆயிரத்து நாற்பத்தொன்பது. ஒன்பது இருபத்துநான்குக்கே உள்ளே போயிருந்தால் என்ன வேகம் என்று நோட்டில் நானும் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து ஐம்பத்தைந்து.

"மொத பிரைஸப் போன்ல பேசியே வுட்டியாபா," என்றான் எத்திராஜுலு.

ஜனவரி 18, ஞாயிறு

பரிசளிப்புச் சாப்பாடு. அதே மண்டபம். எத்திராஜுலு மைக்கைக் கையில் திணித்தான். "நம்ம தணிகாசலம் இப்போ ரெண்டு வார்த்தை..." அதற்கே கைதட்டல்.

"போன ஆகஸ்ட்ல இதே மைக்ல எங்க வீட்டம்மாவைப் பத்தி ஒண்ணு சொன்னேன்," என்றேன். சிரிப்பு. ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

"அது தப்பு." பெரிய சிரிப்பு.

"அவங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. நான் கேக்காம சொல்லிட்டேன். எழுதாததை எழுதினாங்கன்னும் சொன்னேன்." பின்வரிசையில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. இப்போது முத்தாய்ப்பு வரும் என்று காத்திருக்கிறார்கள். பதினாறு வருடம் நான் பழக்கிய கூட்டம். என் குரலுக்கு அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"அப்புறம் இன்னா, இந்ததபா எத்தினி மார்க்கு?" என்று ஒரு குரல்.

"மார்க்கு அவங்களுது," என்றேன். "மன்னிப்பு கேக்கத்தான் மைக்க வாங்கினேன். வேற ஒண்ணும் இல்ல."

சிரித்தார்கள். நான் மைக்கை வைத்துக்கொண்டு நின்றேன். நிற்பதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. மின்விசிறியின் சத்தம் கேட்டது. யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். எத்திராஜுலு வந்து மைக்கை வாங்கி, "சரி, பாயசம் வருது, உக்காருங்க," என்றான்.

சாப்பிட்டேன். என் பக்கத்து இரண்டு இலையிலும் ஆள் உட்காரவில்லை. எழுந்து, இலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவதென்று கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரி 22, வியாழன்

அம்சா போன் செய்தாள். அவளாக.

"ஸ்டெல்லா வீட்டுக்காரரும் வந்திருந்தாராமே. சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்களாம்."

"ஆமா."

"எவ்ளோ நேரம்?"

"டைம் எழுதல."

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. அரக்கோணத்திலேயே தங்கிப் பன்னிரண்டாவதுக்குப் படிக்கப் போகிறாளாம். முடிவாகச் சொன்னாள். பிறகு சிறுசுகளைப் பற்றிக் கேட்டாள். நேரில் பார்த்ததே இல்லையே. கடைசியாக, "ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கிழம காலைல கூடையைப் பெரம்பூர் ஸ்டேஷனுக்கு எடுத்தாங்க. நான் வந்து வாங்கினு போயி இங்கேருந்து வுடறேன்."

"நீ ஏன் அலையற? நானே அங்க எடுத்துனு வரேன்."

"நீங்க இங்க வந்துட்டா, அங்க யாரு டைம் எழுதறது? வுடற எடத்துல ஒருத்தர் வேணும், வந்து சேர்ற எடத்துல ஒருத்தர் வேணும்."

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆறரைக்குப் பிளாட்பாரத்தில் இறங்கினாள். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் ஜோக் ஆகிவிடுகிறது. கூடை இடுக்கில் கண்ணை வைத்துச் சிறுசுகளைப் பார்த்தாள்.

"இதுங்க பேரு இன்னா?"

மறைக்க முடியவில்லை. "காலாண்டு. முழு ஆண்டு."

"குசும்பு போகல," என்றாள். பெருசுகள் அவள் குரலைக் கேட்டுக் கூடைக்குள் ரகளை செய்தன. கணக்கின் கழுத்தை விரலால் தடவினாள். பன்னிரண்டு நிமிடம். எதிர்ப்பக்க ரயில் வந்தது. கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். 'வீட்டுக்கு ஒரு நடை...' என்று ஆரம்பித்தேன். கதவருகே கூட்டம். கேட்டதா தெரியாது.

ஓடி வந்து மாடியில் நின்றேன். ஒன்பது இரண்டுக்குப் பெருசுகள் ஐந்தும் மேற்கிலிருந்து. கணக்கின் காலில் நூலால் சுற்றிய துண்டுச்சீட்டு, வளையத்தின் மேல் மடித்துக் கட்டியது. சுவரில் உட்கார்ந்தே அவிழ்க்க விட்டது. அவள் கையெழுத்து: 'பெருசு 8.05. சிறுசு 8.40.' வேறு ஒன்றும் இல்லை. திருப்பியும் பார்த்தேன்.

அறுபத்தொரு கிலோமீட்டர், ஐம்பத்தேழு நிமிடம். கால்குலேட்டர் இல்லாமல் போட்டேன். முதல் முறை தப்பு. இரண்டாவது முறையும் தப்பு. மூன்றாவது முறை ஆயிரத்து எழுபது புள்ளி ஒன்று எட்டு. நோட்டில் அவள் கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன்.

சிறுசுகள் பத்து மணிக்குள் வந்து நேராக உள்ளே போயின. பெருசுகள் சுவரில். டப்பாவை எடுத்து, என் குரலிலேயே, "மணி அடிச்சாச்சு," என்றேன். பதினொரு நிமிடம் கழித்துத் தமிழ் உள்ளே போனது. பிறகு சோஷியல். இதை எழுதும்போதும் கணக்கு வெளியே என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இருவரும் அவசரப்படவில்லை.

மாலையில் எத்திராஜுலு வந்து, மூலக்கொத்தளத்தில் நல்ல பிரம்புக் கூடை விற்கிறது, இன்னொன்று வாங்கி வைத்துக்கொள் என்றான்.

வேண்டாம் என்றேன். இருப்பது ஒரே கூடை. அது இப்போது காலியாக அரக்கோணத்தில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அது இல்லாமல் முடியாது. அது அவளுக்கும் தெரியும்.